காலைக் காட்டப் போனேன், கையைப் பிடித்தார்கள்: காரைக்குடியில் ஒரு தோல் மருத்துவமனை

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் அம்மாவுக்கு ஐந்துக்கு ஐந்து. மற்றதெல்லாம் சேர்த்து ஐந்துக்கு இரண்டு. கூட்டி வகுத்தால் மூன்றரை. மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் கீழே கொஞ்சம் திட்டியிருக்கிறேன். ஊர்க்காரர்கள் பலகாரம் வாங்க வரும்போது நேரில் கேட்டால் சொல்கிறேன்.

எனக்கு வயது 59. தேன்குழல், மனகோலம், சீடைக்காய், மாவுருண்டை என்று எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றே பாதி ஆயுள் போய்விட்டது. உடம்பில் ஒரு மச்சம் இருக்கிறது என்பதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆள் இல்லை நான். போகவைத்தவள் சிட்னியில் இருக்கும் மகள். அங்கே 70 வயதுக்குள் மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு வகைத் தோல் புற்று வந்துவிடுகிறதாம். அதனால் பல்லைக் காட்டப் போவதுபோல அந்த ஊர்க்காரர்கள் தோலைக் காட்டப் போகிறார்கள். அவளும் போய்விட்டு வந்து, அன்று இரவே தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். "ஆத்தா, உங்கள் வலது உள்ளங்காலில் ஒரு கறுப்பு மச்சம் இருக்குமே, அதை உடனே காட்டுங்கள்."

அது வெள்ளைத் தோலுக்கு வருகிற வியாதி, எனக்கென்ன என்றேன். அதற்கு அவள் பாப் மார்லி என்ற ஜமைக்காப் பாடகரின் கதையைச் சொன்னாள். கறுப்புத் தோல்காரர். 1977இல் கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் மெலனோமா என்ற தோல் புற்று என்று கண்டார்கள். 1981இல் இறந்துவிட்டார், 36 வயதில். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு அந்தப் புற்று அரிது. ஆனால் வந்தால் வெயில் படாத இடங்களாகப் பார்த்து உட்காரும்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. அந்த இடங்களை யார் பார்க்கிறார்கள்? கால் கழுவும்போதுகூட உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பதில்லை. சரி, போகிறேன் என்றேன். போன ஆவணிக் கடைசியில்தான் நேரம் கிடைத்தது.

பழைய வளவு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். பட்டாலை என்ற கூடத்தில்தான் காத்திருக்க வேண்டும். கீழே அழகான ஆத்தங்குடிக் கல். அதை மூடி வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. எந்தப் புண்ணியவான் செய்தானோ தெரியவில்லை. சுவர் முழுக்கப் படங்கள்: முகம் வெளுக்க ஊசி, முடி நடுதல், கரும்புள்ளி நீக்கம், மணப்பெண்ணுக்குத் தனிச் சலுகை. புண், மச்சம், புற்று என்று ஓர் எழுத்தைக் காணோம். நோயாளிகள் வரும் இடமா, சந்தனம் குங்குமம் விற்கும் இடமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

முன்மேசையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்: "ஆச்சி, முகத்துக்கா, முடிக்கா?"

"உள்ளங்காலுக்கு" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தாள். அவளுடைய கணினியில் உள்ளங்காலுக்கு இடமில்லை போலிருக்கிறது. சற்று யோசித்துவிட்டு "மற்றவை" என்று போட்டாள். 500 ரூபாய் கட்டணம், டோக்கன் 17. ஐந்து மணிக்கு வரச் சொன்னவர்கள் உள்ளே அனுப்பியது ஆறு ஐம்பதுக்கு. நான் ஐந்து மணி என்று சொல்லிச் சீர்ப் பலகாரத்தை ஏழு மணிக்குக் கொடுத்தால் சம்பந்தி வீட்டார் சும்மா விடுவார்களா?

இனி மருத்துவர். முப்பத்தைந்து வயது இருக்கும். காலைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். பிறகு, "அம்மா, ஒரு மச்சத்தைப் பார்ப்பதற்கு உடம்பு முழுவதையும் பார்க்க வேண்டும், சம்மதமா?" என்று கேட்டார். உதவிப் பெண்ணை உள்ளே கூப்பிட்டுத் திரையை இழுத்துவிடச் சொன்னார். அந்தத் திரை முக்கால்வாசிதான் மூடும், இது இன்னொரு குறை. பிறகு உச்சந்தலையிலிருந்து ஆரம்பித்தார். பேன் பார்ப்பதுபோல வகிடு வகிடாகப் பிரித்து மண்டையைப் பார்த்தார். காதுக்குப் பின்னால், கழுத்து, உதடு, வாய்க்குள், முதுகு, அக்குள் என்று ஒவ்வொன்றாக இறங்கி வந்தார். இடுப்பில் பாவாடை நாடா இறுக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அங்கே என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். வருடக்கணக்காக ஒரே இடத்தில் நாடா இறுக்கினால் தோல் கறுத்துத் தடித்துப் புண்ணாகும். அந்தப் புண் ஆறாமலே கிடந்தால், அபூர்வமாகச் சிலருக்குப் புற்றில் போய் முடியும் என்றார். வேட்டிப் புற்று என்ற பெயரில் 1940களிலேயே நம் நாட்டு மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்களாம். பிறகு புடவைப் புற்று என்றும், இப்போது பாவாடைப் புற்று என்றும் பெயர் மாறி வருகிறது. பெயர் எதுவானாலும் குற்றவாளி புடவை இல்லை, கயிறு.

கால் விரல்களுக்கு வந்ததும் ஒரு சிக்கல். "மெட்டியைக் கழற்ற முடியுமா, அம்மா?"

36 வருடமாகக் கழற்றாத மெட்டி. விரல் அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது என்றே சொல்லலாம். சோப்பு நீர் வந்தது. நானே திருகித் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. கடைசியில் உதவிப் பெண் ஒரு நூலை விரலில் நெருக்கமாகச் சுற்றி, நூலின் ஒரு முனையை மெட்டிக்கு அடியில் செலுத்தி மெல்ல மெல்லப் பிரித்துக்கொண்டே வந்தாள். மெட்டி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அடியில் இருந்த தோல் வெளுத்து, சுருங்கி, யாருடைய விரலோ என்பதுபோல இருந்தது. ஒன்றுமில்லை, நல்ல தோல்தான். மெட்டிகளை முந்தானையில் முடிந்துகொண்டேன். வீட்டுக்குப் போகும்வரை அந்த முடிச்சை நான்கு தடவையாவது தொட்டுப் பார்த்திருப்பேன்.

நகங்கள்தான் அன்று தேறவில்லை. தம்பி மகள் கல்யாணத்துக்கு வைத்த மருதாணி கை, கால் இருபது நகத்திலும் செக்கச்செவேலென்று ஏறியிருந்தது. மருத்துவர் சிரித்துவிட்டார். நம் நிறத்தவர்களுக்கு நகத்தில் இலேசான கருங்கோடுகள் இருப்பது சகஜம். பல விரல்களில் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரே ஒரு நகத்தில் புதிதாக ஒரு கோடு வந்து, நாளாக ஆக அகலமாகி, நகத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் கறுப்பு கசிந்தால்தான் உடனே வரவேண்டும். இந்த மருதாணிக்குள் எந்தக் கோட்டைத் தேடுவது? வளர்ந்து வெளியேறட்டும், மறுபடி பார்க்கலாம் என்றார்.

பிறகு மச்சத்துக்கு வந்தார். விளக்கு பொருத்திய சிறிய உருப்பெருக்கி ஒன்றை வைத்திருக்கிறார், டெர்மடோஸ்கோப் என்று பெயர். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுமாம். அதை மச்சத்தின் மேல் வைத்து, படம் எடுத்துத் திரையில் காட்டினார். என் உள்ளங்கால் உழுத வயல்போல இருந்தது. வரப்பு, வாய்க்கால், வரப்பு, வாய்க்கால். "பாருங்கள், அம்மா. கறுப்பு வாய்க்காலில் ஓடுகிறது. இது பெரும்பாலும் சாது. வரப்பின் மேல் ஏறியிருந்தால் நான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்." அளந்தார்: 4 மில்லிமீட்டர், ஓர் உளுந்து அளவு. 6 மில்லிமீட்டரைத் தாண்டினால், அதாவது துவரம்பருப்பைவிடப் பெரிதாக இருந்தால், கூடுதல் கவனம் வேண்டும் என்றார். அதற்காகச் சிறியதெல்லாம் நல்லது என்றும் அர்த்தமில்லையாம். அளவைவிட மாற்றம்தான் முக்கியம்.

மற்ற அடையாளங்களையும் சொன்னார். நான் என் பாஷையில் இப்படிப் பதிய வைத்துக்கொண்டேன்: நல்ல மச்சம் சீடைக்காய் மாதிரி, எந்தப் பக்கம் திருப்பினாலும் உருண்டை, ஓரம் தெளிவு, ஒரே நிறம். சந்தேகமான மச்சம் கல்லில் ஒட்டிக்கொண்ட தோசை மாதிரி. ஒரு பக்கம் நீண்டிருக்கும், ஓரம் பிய்ந்திருக்கும், ஓரிடம் கருகி ஓரிடம் பழுப்பாகி இன்னோரிடம் வெளுத்துக் கிடக்கும். ஒரு தட்டுச் சீடையில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் கண்ணுக்குத் தெரிகிறதல்லவா, அதேபோல உடம்பில் மற்ற மச்சங்களோடு சேராமல் தனித்து நிற்கும் மச்சத்தையும் காட்ட வேண்டும். கன்னத்தில் எனக்கு இருக்கும் குட்டிக் குட்டிக் கறுப்பு மருக்கள் வெறும் வயதின் சில்லறை. அதே சமயம், மூக்கோரத்திலோ கண்ணோரத்திலோ பளபளவென்று ஒரு முத்துப்போல எழும்பி, நடுவில் குழிந்து, அவ்வப்போது இரத்தம் கசிந்தால் அதை மரு என்று விட்டுவிடக் கூடாது. அதுவும் ஒரு புற்றுதான், நம் தோலில் பெரும்பாலும் கறுப்பாகவே வருவதால்தான் ஏமாந்துபோகிறோம்.

இதோடு முடிந்தது என்று எழுந்தேன். முந்தானையைச் சரிசெய்யக் கையைத் தூக்கியபோது, "இது என்ன?" என்றார்.

இடது முன்கையில் ஒரு வெற்றிலை அளவுத் தழும்பு. 1993இல் தேவகோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் மனகோலச் சட்டி சாய்ந்து எண்ணெய் ஊற்றியது. அது பழைய கதை. அதன் ஓரத்தில் சித்திரை மாதத்திலிருந்து ஒரு சின்னப் புண். பொருக்கு கட்டும், வளையல் பட்டுப் பிய்யும், துளி இரத்தம் வரும், மறுபடி பொருக்கு கட்டும். மஞ்சள் போட்டேன், தேங்காய் எண்ணெய் போட்டேன், மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் போட்டேன். வலியே இல்லை. சமையல்கட்டுக் கையில் இதெல்லாம் ஒரு புண்ணா என்றிருந்தேன். மகளிடம்கூடச் சொல்லவில்லை.

மருத்துவர் உட்கார்ந்தார். கையுறை மாட்டிக்கொண்டு புண்ணின் ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். நடுவில் பள்ளம், ஓரம் மட்டும் மேடு தட்டி, காய்ந்த மாவு விளிம்புபோலக் கடினமாக இருந்தது. அந்தக் கடினத்தை என் விரலை வைத்து எனக்கே தொட்டுக் காட்டினார். நான்கரை மாதமாக தினமும் பார்த்த புண், ஒரு தடவைகூட அதன் ஓரத்தை நான் தொட்டுப் பார்த்ததில்லை.

தீப்புண் ஆறி வருடங்கள் கழித்து அந்தத் தழும்பில் புதிதாகப் புண் வந்து ஆறாமல் நின்றால், பயாப்சி, அதாவது துளிச் சதையை எடுத்துச் சோதிப்பது, செய்யாமல் விடக்கூடாது என்றார். சராசரியாக முப்பது வருடம் கழித்தெல்லாம் வருமாம். பிரான்சு நாட்டு மருத்துவர் மார்ஜோலின் தழும்புப் புண்களைப் பற்றி 1828இல் எழுதியதால் இதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். காஷ்மீரில் குளிருக்காகக் கரிச்சட்டியை அங்கிக்குள் வைத்துக்கொள்வார்கள், காங்கிரி என்று பெயர். அந்தச் சூடு வருடக்கணக்கில் பட்டு வயிற்றிலும் தொடையிலும் இதே மாதிரிப் புற்று வருகிறது என்றார். அடுப்புக்கு முன்னால் நின்ற எனக்கு, அடுப்பை மடியில் கட்டிக்கொண்ட அவர்கள்மேல் அந்த நிமிடத்தில் ஓர் உறவு தோன்றியது. சிரிக்காதீர்கள், பயத்தில் மனது எங்கெங்கோ போகிறது.

பயாப்சி என்றால் பெரிதாக நினைத்தேன். மரத்துப்போக ஓர் ஊசி, அதுதான் சுருக்கென்றது. பிறகு பேனாமூடி போன்ற வட்டக் கத்தியால் புண்ணின் ஓரத்தில் 4 மில்லிமீட்டர் சதை, இரண்டு தையல். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாதிரியை மதுரைக்கு அனுப்புவதற்கும் சேர்த்து 2,200 ரூபாய். நியாயம்தான்.

நியாயமில்லாதது அடுத்த வரி. ரசீதில் 780 ரூபாய்க்கு வெயில் தடுப்புக் களிம்பு ஒன்று ஏறியிருந்தது. யார் கேட்டது? மருத்துவர் எழுதவில்லை, நான் சீட்டைப் படித்துவிட்டுத்தான் பேசினேன். "எல்லோருக்கும் கொடுப்போம், ஆச்சி" என்றாள் அந்தப் பெண். களிம்பு கெட்டது என்று சொல்லவில்லை. வயலிலும் சாலையிலும் நாளெல்லாம் நிற்பவர்கள் முகத்தையும் கையையும் மூடிக்கொள்வது நல்லதுதான். ஆனால் உள்ளங்கால் மச்சத்துக்கும் எண்ணெய்ச் சூட்டுத் தழும்புக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்? திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்து, வருடம் முழுக்கத் தோல் பரிசோதனைத் திட்டம் 4,999 ரூபாய், முகப்பொலிவு சிகிச்சை ஒன்று இலவசம் என்று ஒரு வண்ணத்தாளை நீட்டினாள். அதைப் பிறகு மருத்துவரிடமே காட்டிக் கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. எந்தக் குறையும் இல்லாத ஆட்களுக்கெல்லாம் வருடா வருடம் மருத்துவர் பார்ப்பதால் நன்மை உண்டா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2023இல் அமெரிக்க நிபுணர் குழுவே சொல்லியிருக்கிறதாம். யாருக்கு முறையாகப் பார்க்க வேண்டும்? ஏற்கெனவே ஒரு தடவை தோல் புற்று வந்தவர்கள், பெரிய தீக்காயத் தழும்பு உள்ளவர்கள், பிறவியிலேயே நிறமி இல்லாமல் வெளுத்த உடம்புக்காரர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள். மற்றவர்கள் மாதம் ஒரு தடவை வீட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டால் போதும். முதுகுக்கும் உள்ளங்காலுக்கும் வீட்டில் ஒருவர் துணை. நான்கு வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும் காட்ட வேண்டும். இதைச் சொல்ல 4,999 ரூபாய் வேண்டியதில்லை.

இப்போது என் பெரிய மனக்குறை. எட்டு நாளில் முடிவு வரும், நாங்களே கூப்பிடுகிறோம் என்றார்கள். எட்டு நாள் ஆயிற்று, பத்து ஆயிற்று. கூப்பிடவில்லை என்றால் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம் என்று மனது சமாதானம் சொல்லிக்கொண்டது. பன்னிரண்டாம் நாள் நானே போனேன். முன்மேசைப் பெண் இழுப்பறையைத் திறந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்தாள். மேலே வந்துசேர்ந்த தேதி முத்திரை இருந்தது. நான்கு நாளாக அங்கேயே கிடந்திருக்கிறது, மணப்பெண் சலுகைத் தாள்களுக்கு அடியில். மருத்துவருக்கும் தெரியாது. அவர் அதைப் பிரித்துப் படித்ததும் முதலில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கண்டித்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார். அதிலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது.

செதிள் செல் புற்று என்ற ஒரு வகைத் தோல் புற்று, ஆரம்ப நிலை. மதுரையில் அறுவை செய்தார்கள். சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்து, தொடையிலிருந்து தோல் ஒட்டு போட்டார்கள். தழும்பில் வருவது மற்றதைவிடப் பரவும் குணம் உள்ளது என்பதால் அக்குளில் கட்டி இருக்கிறதா என்று கையாலும் ஸ்கேனிலும் பார்த்தார்கள். இல்லை. எடுத்த சதையின் ஓரங்களும் சுத்தம் என்று எழுதி வந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டுகிறேன். மகள் சென்னை அடையாற்றுப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று துடித்தாள். பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் தொடங்கிய ஆஸ்பத்திரி, நானும் கும்பிடுகிற இடம்தான். ஆனால் என் விஷயத்துக்கு மதுரை போதும் என்று மருத்துவர் சொன்னார், போதுமாகத்தான் இருந்தது.

பங்குனியில் மறுபடி அந்த வளவு வீட்டுக்குப் போனேன். நகம் காட்டவேண்டிய பாக்கி இருந்தது. கூடவே கடையில் மாவு பிசையும் பெண்ணையும் இழுத்துக்கொண்டு போனேன். இடுப்பில் கறுத்துத் தடித்திருக்கிறது, அரிக்கிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னவள். மருத்துவர் அவளையும் அதே மாதிரி உச்சி முதல் பார்த்தார். வெறும் கரப்பான்தான், புண் இல்லை. நாடாவுக்குப் பதில் அகலப் பட்டை வைத்துத் தைத்துக்கொள், இரவில் தளர்த்தி விடு, ஒரு மாதத்தில் குறையாவிட்டால் வா என்றார். "ஆச்சி, என்னை ஏன் சும்மா பயமுறுத்தினீர்கள்" என்று வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். பட்டை வைத்து நான்கு பாவாடை தைத்துக்கொண்டாள், கூலி என் கணக்கில். திரை இன்னும் முக்கால்வாசிதான் மூடுகிறது. தொலைபேசியில் கூப்பிடுவதற்கு ஒரு நோட்டு போட்டிருக்கிறார்கள், என் பெயர் முதல் பக்கத்தில் இருக்கிறது.

போகிறவர்களுக்கு: நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். மெட்டி, கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். ரசீதைப் படியுங்கள். சந்தை நாளில் போகாதீர்கள். 500 ரூபாய் கனம் என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியிலும் தோல் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை, வரிசைதான் நீளம்.

என் கை நகங்கள் தேறிவிட்டன. கால் நகம் முழுதாக வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றார்கள், உண்மைதான். இதை எழுதும் ஆடி மாதத்தில் கட்டைவிரலில் இன்னும் கால்வாசிச் சிவப்பு பாக்கி இருக்கிறது. அது போனதும் மறுபடி டோக்கன் போட வேண்டும்.